பின்விளக்கு எரியாத டிரெய்லர்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நோக்கி இரவு நேரத்தில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்களாயின், நான் கூற வருவது தங்களுக்குப் புதிதாக இராது. முன்னே இருள். அவ்விருளினுள் இன்னும் அடர்ந்த ஓர் இருளாக, 40 அடிக் கன்டெய்னரைச் சுமந்த டிரெய்லர் ஒன்று நின்றுகொண்டோ ஊர்ந்துகொண்டோ இருக்கும். பின்புறம் சிவப்பு விளக்கு இராது. ஒளிர்பட்டை மீது தூசி படிந்திருக்கும்; மிக நெருங்கிய பின்னரே அது கண்ணுக்குப் படும். எண்ணூர், மணலி, மீஞ்சூர் வட்டாரத்தில் இரவுப்பணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உறங்காமல் காத்திருக்கும் தாய்மாரின் அச்சத்தில் இந்த டிரெய்லர்களுக்கும் பங்குண்டு.

நான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் பயின்றதோ வரலாறு. இதைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தந்தையரில் டிரெய்லர் ஓட்டுநர்கள் பலர். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டு, அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் 2010-களில் எழுந்தபின், அவர்களுடைய பிழைப்பு இச்சாலைகளோடு பின்னிவிட்டது. அவர்கள் கூறக் கேட்டும், அருகிருந்து பார்த்தும் அறிந்ததையே எழுதுகின்றேன்.

விளக்கு எரியவில்லை என்றால் நம்மவர் முதலில் செய்வது பல்பை மாற்றுவது. ஓட்டுநர் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று முறை பல்பு மாற்றினார். இடையே அபராதமும் செலுத்தினார். நான்காம் முறை, இஷாவுக்குப் பின் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தார். நானும் உடனிருந்தேன். வந்தவர் பின்னால் செல்லவேயில்லை. "பிரேக்கை மிதியுங்க பாய்" என்றார். பிரேக் விளக்கு மங்கலாக எரிந்தது. அதனுடன் இண்டிகேட்டரும் இலேசாக ஒளிர்ந்தது. "பல்பு நல்லாத்தான் இருக்கு. எர்த் இல்லை" என்றார் அவர்.

இதன் பொருளை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இழுக்கும் முன்வண்டியையும் பின்னே வரும் டிரெய்லரையும் 7 முனைகள் கொண்ட பிளக் ஒன்று இணைக்கின்றது. உலக அளவில் ஏற்கப்பட்ட 24 வோல்ட் முறைப்படி, முதல் முனையில் வரும் வெள்ளைக் கம்பியே எர்த். இடப்புற, வலப்புறப் பின்விளக்குகளுக்குக் கருப்பும் பழுப்பும். இடது, வலது இண்டிகேட்டர்களுக்கு மஞ்சளும் பச்சையும். பிரேக் விளக்குக்குச் சிவப்பு. இவையெல்லாம் போகும் வழிகள். திரும்பி வரும் வழியோ ஒன்றே ஒன்று, அந்த வெள்ளைக் கம்பி. 21 வாட் பிரேக் பல்பு ஒன்று ஏறத்தாழ 0.9 ஆம்பியர் எடுக்கும். எல்லா விளக்குகளின் மின்னோட்டமும் சேர்ந்து அந்த ஒரு முனை வழியாகவே திரும்ப வேண்டும். அம்முனையில் பச்சைக் களிம்பு படிந்து வழி அடைபட்டால், மின்சாரம் வேறொரு விளக்கின் இழை வழியே பின்னோக்கிப் புகுந்து வெளியேறப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் ஒளிர்வதும், இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு கண் சிமிட்டுவதும் இதனால்தான்.

வண்டியோ இரும்பு, முன்னும் பின்னும் இரும்பால்தானே பூட்டப்பட்டிருக்கின்றன, அதன் வழியே எர்த் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் நம்ப முடியாது. பூட்டும் தட்டு முழுவதும் கிரீஸ் பூசியிருக்கும். வளைவில் திரும்பும்போது எரியும் விளக்கு, நேர்ச்சாலையில் அணைந்துவிடும். பட்டறையில் எரிந்தது சாலையில் எரியாமற் போகும் மர்மம் பெரும்பாலும் இதுவே.

கடற்காற்று வீசும் நம் பகுதியில் பித்தளை முனைகள் விரைவில் களிம்பேறுகின்றன. போதாக்குறைக்கு, டிரெய்லரைக் கழற்றியபின் பிளக்கை அதற்குரிய கொக்கியில் மாட்டாமல் தரையில் தொங்கவிடுகின்றார்கள். முன்வண்டி ஒருவருடையது, டிரெய்லர் மற்றொருவருடையது என்ற நிலையும் உண்டு. பழுது யாருடையது என்ற வழக்கில் இருவரும் கைகழுவ, அபராதச் சீட்டு மட்டும் ஓட்டுநரின் கைக்கு வந்துசேரும். ஆகவே பழுது எப்பக்கம் என்று பிரித்தறிவது அவருக்குத்தான் மிகவும் தேவை.

அதற்கு வழி எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்வண்டியின் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தந்த ஸ்விட்சைப் போடும்போது நன்றாக எரிந்தால் முன்வண்டி குற்றமற்றது; பழுது கேபிளிலோ டிரெய்லரிலோ உள்ளது. மீட்டரை மட்டும் நம்புவது சரியன்று. ஒரே ஓர் இழையில் தொங்கும் கம்பியிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். ஏனெனில் அது மின்னோட்டத்தை இழுப்பதேயில்லை. அதே கம்பியால் பல்பை எரிக்க இயலாது.

ஃபியூஸ் போய்க்கொண்டேயிருந்தால் அது வேறு நோய். எங்கேயோ கம்பி சட்டத்தில் உராய்ந்து தோல் உரிந்திருக்கின்றது. டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். நின்றால் டிரெய்லரில் பழுது, மீண்டும் போனால் முன்வண்டியில். ஃபியூஸ் இருக்குமிடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வித்தையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அப்போது எரிவது ஃபியூஸாக இராது, வயரிங் முழுவதுமாக இருக்கும்.

அன்றிரவு அந்த எலக்ட்ரீஷியன் செய்தது இவ்வளவே: வெள்ளைக் கம்பியின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், திருகை இறுக்கினார், டிரெய்லர் சட்டத்தில் அக்கம்பி பூட்டப்பட்ட இடத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார், மேலே சிறிது வாசலின் தடவினார். அரை மணிக்கும் குறைவான வேலை. மாற்றி எறிந்த மூன்று பல்புகளும் பழுதில்லாதவை.

முன்னர் கிளீனர் ஒருவர் உடன் வருவார். பின்னே நின்று, எரிகிறது, எரியவில்லை என்று குரல் கொடுப்பார். இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் தனியாகவே செல்கின்றார். பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் சென்று பார்க்க ஒருவராலும் இயலாது. எனக்குத் தெரிந்த ஓட்டுநர்கள், இரவில் யார்டின் சுவருக்கு அருகில் பின்புறத்தை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கின்றார்கள். சுவர் இல்லாத இடத்தில், வரிசையில் அடுத்து நிற்கும் வண்டிக்காரரை அழைக்கின்றார்கள். அவர் இவருடையதைப் பார்க்க, பிறகு இவர் இறங்கிச் சென்று அவருடையதைப் பார்த்துவிட்டு வருகின்றார்.