தெருநாய்க்கும் விலை உண்டு

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில், பயணிகள் வீசும் பிஸ்கட்டை நம்பித் திரிந்த பெட்டைக் குட்டியொன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது, ‘காசில்லாமல் கிடைத்த ஜீவனுக்கு என்ன செலவு வந்துவிடப் போகிறது?’ என்றார் அண்டைவீட்டுப் பெரியவர். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் வருஷந்தோறும் அதே ஊசி, பார்வோ நோய்க்குத் தனி ஊசி, குடற்புழு மருந்து, காதுமடலுக்குள் மிளகுபோல் அப்பியிருந்த உண்ணிகளுக்குச் சிகிச்சை, கருத்தடை, இவற்றோடு நித்தியப்படி சோறும் முட்டையும் என நீளும் இக்கணக்கு, ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ விலைகொடுத்து வாங்கியவருக்கும் ஏறக்குறைய இதேதான்.

வளர்ப்புப் பிராணியின் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமையாளரின் பொறுப்பே என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் விதிக்கின்றன. அரசு கால்நடை மருத்துவமனை பாரத்தைச் சற்றே குறைக்கும். ஆயினும், தத்தெடுக்க விழையும் நண்பர்கள், கருணையோடு மாதந்தோறும் ஒரு தொகையையும் ஒதுக்கிவைத்த பின்னரே குட்டியைத் தூக்குவது உத்தமம்.