பந்தை விட்டு மைக்கைப் பிடித்தவர்

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற பெண்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் அருள்புரத்துக்கு ஒரு நடை வந்து பாருங்கள். மெஷின் இரைச்சலையும் மீறி ரன் கணக்கு காதில் விழும்.

வர்ணனை சொல்கிறவர்களில் என் மனத்தைத் தொட்டவர் நம் சென்னைப் பிள்ளை லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். 1983-ல், 17 வயதில் – நம் வீட்டுப் பையன் அந்த வயதில் சட்டைக்குப் பித்தான் தைக்க அம்மாவைத் தேடுவான் – மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் பந்தயம் ஆடினார்! 1984-ல் பம்பாயில், ஒரே டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மணிக்கட்டைச் சுழற்றி அவர் விடும் பந்து எந்தப் பக்கம் திரும்புமோ, வெள்ளைக்காரர்கள் திணறிப் போனார்கள்.

அப்புறம்? 1986 ஜனவரியோடு டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. மொத்தம் 9 டெஸ்ட், வயதோ 20! நம் பெண்களுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வயதில், அவர் ஆடி ஓய்ந்துவிட்டார்.

2000-ல் டாக்காவில், வங்க தேசத்தின் முதல் டெஸ்டின்போது மைக்கைப் பிடித்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: கைநழுவிப் போன ஆட்டத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டு, பிறர் வீசும் நல்ல பந்தை மனசாரப் புகழ வேண்டும். விக்கெட் எடுப்பதைவிட அது கஷ்டம் அல்லவா?

எங்கள் கம்பெனியில் கண் மங்கிப்போன அக்கா ஒருத்தி, புதிதாக வருகிறவர்களுக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்கிறாள். சின்னப் பெண் விறுவிறுவென்று தைக்கும்போது அக்காவின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே!