வலுக் குறைந்த வீரன்

"கல்லூரி மலரில் வீடியோ விளையாட்டைப் பற்றியா எழுதுவது?" என்று பேராசிரியர்கள் புருவத்தை நெரிக்கலாம். ஆனால், ஒழுங்காகத் தோற்பதற்கு நான் கற்றுக்கொண்ட இடம் அதுதான். ஆகவே எழுதத் துணிந்தேன்.

டெக்கன் 7 என்பது இருவர் மோதும் விளையாட்டு. ஆடுபவர் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் அதில் லீராய் ஸ்மித் என்ற புதிய வீரன் சேர்ந்தான். விங் சுன் என்னும் சீனச் சண்டைக் கலையில் வல்லவன். அடுத்த மாதமே ஜப்பானில் நடந்த இவோ போட்டியில், கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் அவனை வைத்தே ஆடினார்கள். பட்டம் வென்ற தாய்லாந்து நாட்டவரின் தேர்வும் அவன்தான்!

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் கேம் சென்டரில் லீராயை முதலில் பிடித்துக்கொண்டவன் நான்தான். சில வாரங்களில் என்னை வெல்ல ஆளில்லை. கைக்கு வந்த பொத்தானை அழுத்தினாலே எதிரி விழுந்தான். தலை கனத்துப் போயிற்று.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பல மாதம் கழித்துக் கடை திறந்தபோது விளையாட்டு திருத்தப்பட்டிருந்தது. லீராயின் வலுவைக் குறைத்துவிட்டார்கள். அன்று தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றேன். எப்போதும் என்னிடம் தோற்கும் மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே, "அப்ப ஜெயிச்சது லீராய்தானே தம்பி, நீ எங்க ஜெயிச்ச?" என்றார். சுருக்கென்று தைத்தது. ஏனெனில் அது உண்மை.

வேறு வீரனுக்கு மாறியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, எந்த அடியில் தோற்றேன் என்று எழுதத் தொடங்கினேன். இந்த விளையாட்டில் ஒரு வினாடி அறுபது கட்டங்களாக ஓடுகிறது. மிக விரைவான குத்து பத்தாவது கட்டத்தில் வந்து விழும்; அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு. கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய கால் வினாடி ஆகும். எனவே அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க எவராலும் ஆகாது. எதிரி எப்போது குத்துவான் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். அதுபோல, நம் அடியை அவன் தடுத்துவிட்டால் நாம் நிலைக்குத் திரும்பப் பத்துக் கட்டம் பிந்தினாலும் போதும், அவன் குத்து நிச்சயம். எந்த அடியை எப்போது அடிக்கக் கூடாது என்பதே முதல் பாடம் என்று அப்போதுதான் விளங்கியது.

நான்கு மாதத்தில் அண்ணனைப் பத்துக்கு ஐந்து முறை வென்றேன். பழைய புகழ் திரும்பவில்லை. ஆனால் அந்த ஐந்தும் என்னுடையவை.

பள்ளியில் தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், இங்கே முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் எழுதிய கணிதத் தாளில் தோற்றேன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள, கல்லூரி வாசலை மிதித்தவர் எனக்கு முன் எவருமில்லை. இரண்டு நாள் சோர்ந்து கிடந்தேன். பிறகு இன்னொரு நோட்டுப் போட்டேன். எந்தக் கணக்கில், எந்த வரியில் தவறினேன் என்று குறித்தேன். மறுமுறை எழுதித் தேறினேன். மதிப்பெண் ஐம்பத்திரண்டுதான்.

நண்பர்களே, விதிகள் மாறும்போது நம் கையிலிருந்த வலு போய்விடலாம். போனபின் எஞ்சுவது எவ்வளவோ, அவ்வளவே நாம் கற்றது. அங்கிருந்து தொடங்கலாம்.