ரஜூலாவில் வந்த பூட்டன்

மலேசியாவின் சாலாக் செலாத்தான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பூட்டன் எப்போது வந்தார் என்று கேட்டால், பெரும்பாலும் ஆண்டு கிடைக்காது. "ரஜூலா கப்பல்ல, கங்காணி கூட்டி வந்தாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதை வைத்து என்ன செய்வது என்று பலர் தேடலை அங்கேயே கைவிடுகிறார்கள். என் கணிப்பில் அந்த ஒரு வாக்கியமே நல்ல ஆவணம். ரஜூலா கட்டப்பட்டது 1926இல். அதற்கு முன் அதில் யாரும் வந்திருக்க முடியாது. ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் சேர்ப்பது நின்றது. வேலையில்லாமல் ஊர் திருப்பி அனுப்பப்பட்டவர்களே லட்சத்தைத் தாண்டினார்கள். 1934இல் பயணச் செலவு கொடுத்து ஆள் வரவழைக்கும் உதவிப் பயணம் மறுபடி தொடங்கியபோதும் கங்காணிகளுக்குப் பழைய செல்வாக்கு இல்லை. 1938இல் இந்திய அரசு அந்த வழியையும் அடைத்தது. ஆக, 1926க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலமே முதலில் தேட வேண்டிய இடம்.

கப்பல் என்றாலே ரஜூலா என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 1912இல் வேறு கப்பலில் வந்தவரையும் பேரப்பிள்ளைகள் அதில் ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பூட்டனை விட்டு அவருடைய மூத்த பிள்ளையிடம் போகச் சொல்கிறேன். மலாயாவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்க வாய்ப்புண்டு. தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் அதில் கிடைக்கலாம். பிள்ளை 1920இல் தோட்டத்து லயத்தில் பிறந்திருந்தால் ரஜூலாக் கதை உடைந்துவிடும். ஆனால் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடக் கூடாது. தோட்டத்து எழுத்தரான கிராணியின் காதில் விழுந்ததுதான் ஏட்டில் ஏறும். ஒரே முனியாண்டி ஆங்கில எழுத்தில் மூன்று ஆளாக நிற்பார்.

இப்படித் தேடினால் கிடைப்பது காலத்தின் வரலாறுதானே, அந்த மனிதர் எங்கே என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். பாதி உண்மை. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நின்றது, விடியுமுன் பால்வெட்டுக்குப் போனது எல்லாம் எல்லோருக்கும் பொது. பொதுக்கதையோடு அவர் ஒத்துப்போகாத இடத்தில்தான் தனி மனிதர் தெரிகிறார். 1930களின் தொடக்கத்தில் தோட்டங்கள் ஆள் குறைத்தபோது இவர் ஏன் ஊர் திரும்பவில்லை? சுங்கை பீசி ஈயச் சுரங்கமும் ரயில் பாதையும் பக்கத்திலேயே இருந்தன. வேறு வேலை பிடித்தாரா, நாகப்பட்டினத்தில் இறங்கினால் அவருக்காகக் காத்திருக்க ஊரில் நிலமே இல்லையா? 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது எங்கே இருந்தார்? கடைசிக் கேள்வி, போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டிய சயாம் மரண ரயில் பாதைக்கு அவர் போனாரா என்பது. 1942-43இல் அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. எனவே மலாயா அவசரகாலத்தில் 1948இல் தொடங்கிய அடையாளக் கார்டுப் பதிவைப் பார்க்க வேண்டும். அந்தக் கார்டு அவர் பெயரில் இருந்தால் போரைத் தாண்டியவர். பூட்டியின் கார்டு மட்டும் இருந்தால், சயாமா, மலேரியாவா, ஊருக்குப் போனாரா என்று அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டும்.