முஷ்தரீயின் கொள்முதல்

அரபு மொழியில் வியாழன் கிரகத்திற்கு ‘முஷ்தரீ’ என்று பெயர். வாங்குபவன் என்பதும் அச்சொல்லின் பொருள். துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் வாழும் நமக்கு இப்பெயர் சற்று நெருக்கமானது. காசிமேட்டு ஏலத்தில் வந்த மீனையெல்லாம் வளைத்துப் போடும் மொத்த வியாபாரியைப் போல, வான்வெளியில் திரியும் கல்லையும் தூசியையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது அக்கிரகம்.

இது வெறும் உவமையன்று. 1972 மார்ச்சில் ஏவப்பட்ட பயனியர்-10 விண்கலம், வாயு அடைத்த சிறு அறைகள் பலவற்றைச் சுமந்து சென்றது. அவற்றின் உலோகச் சுவரின் கனம் மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. விண்துகள் துளைத்தால் வாயு கசியும். அந்தக் கசிவே கணக்கு. 1973 டிசம்பரில் வியாழனை அணுகியபோது, வழியில் கண்டதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகத் துகள்கள் தாக்கின. அக்கிரகத்தின் ஈர்ப்பே காரணம். தொலைவிலிருந்து அங்கு வந்து விழும் கல், வினாடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்திற்குக் குறையாமல் பாய்கிறது.

1979 மார்ச்சில் வாயேஜர்-1 வியாழனைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்றைக் கண்டது. 1995 முதல் 2003 வரை அங்கே சுழன்ற கலிலியோ விண்கலம் அதன் பிறப்பை விளக்கிற்று. அருகிலுள்ள சிறு துணைக்கோள்களை விண்கற்கள் தாக்க, தெறித்த புழுதியே வளையமாயிற்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட 2011 வரையிலான காலத்தில், நம் மொட்டைமாடிகளில் படிந்த கரித்தூளே சரக்கின் வரவை அறிவித்தது. வியாழனிலும் தூசியே சாட்சி.

“ஹஜ்ரத், வியாழன் நம் பூமிக்குக் கேடயமாமே? கற்களையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்கிறதாமே?” என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. மேடைகளிலும் இது பேசப்படுகிறது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்மீனின் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள் வியாழனில் வீழ்ந்தன. அவற்றுள் பெரியவை பூமியின் அகலத்திற்கு ஈடான கரும் வடுக்களை அதன் மேகங்களில் பதித்தன. அதைக் கண்டவர்கள் கேடயம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் லெக்ஸெல் வால்மீனின் வரலாறு வேறு. 1767-ல் வியாழனே அதன் பாதையைத் திருப்பிப் பூமியின் பக்கம் அனுப்பிற்று. 1770-ல் சந்திரனின் தொலைவைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்குத் தொலைவில் அது நம்மைக் கடந்தது. 1779-ல் மீண்டும் வியாழனை நெருங்கி, அதனாலேயே வெகுதூரம் எறியப்பட்டது என்கிறது கணிதம். அனுப்பியதும் வியாழனே, அகற்றியதும் வியாழனே! இக்காலக் கணிப்பொறி ஆய்வுகளும் கேடயக் கருத்தை முழுமையாக ஏற்கவில்லை.

‘தஹ்கீக்’, அதாவது தீர விசாரித்து உறுதி செய்தல், மத்ரஸாக் கல்வியின் அடிப்படை. ஹதீஸை அறிவித்தவர் யார், எத்தகையவர் என்று ஒவ்வொருவராக ஆராய்ந்த சமுதாயம், வானத்துச் செய்திக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்தலாகாது. படைத்தவனின் ஆற்றலைச் சொல்ல உறுதியாகாத செய்தி நமக்குத் தேவையில்லை. உறுதியானவையே ஏராளம், பிள்ளைகளுக்கு அவற்றையே சொல்வோம்.