பெயர்கூட இல்லாத அட்டை

பாப் இசை இதழ் ஒன்றின் அட்டையை மூன்று நாளாக வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். பாடகியின் படம் ஒன்றுதான். அதன்மேல் இதழின் பெயர், ஐந்து தலைப்புகள், விலை, பார்கோடு எல்லாம் ஏற வேண்டும். கடையில் இதழ்களைச் சரித்து அடுக்கினால் இடது ஓரம் மட்டும்தான் கண்ணில் படும் என்பதால் முக்கியமான தலைப்புக்கு அந்தப் பக்கம். தலைக்கு மேல் காலி இடம் விடாமல் எடுத்த படமென்றால் இதழின் பெயர் நெற்றியில் போய் உட்காரும். புகைப்படக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேற்றிரவு, 1981 ஜனவரி 22 தேதியிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ அட்டையை மறுபடி பார்த்தேன். பாடகர் ஜான் லெனன் உடையில்லாமல், கருவிலிருக்கும் குழந்தைபோலச் சுருண்டு, மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். புகைப்படக்காரர் ஆனி லீபோவிட்ஸ் அந்தப் படத்தை எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயர் உண்டு. தலைப்புச் செய்தி ஒன்றுகூடக் கிடையாது. இறந்தவரின் பெயரைக்கூடப் போடவில்லை. என்ன ஒரு துணிச்சல்! 2005இல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த அட்டையாக அதையே தேர்ந்தெடுத்தது.

காலையில் என் அட்டையிலிருந்து நான்கு தலைப்புகளை எடுத்துவிட்டேன். பாடகியின் கைவிரல்கள் இப்போதுதான் முழுசாகத் தெரிகின்றன.