முட்டுக்கட்டையும் மிதிகட்டையும்

ஓடும் பொருளை ஓடச் செய்வதைவிட, வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினம். தேர் இழுக்கும் ஊர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் வீதியில் புறப்படும்போது வடத்தைப் பற்றும் கைகள் ஆயிரக்கணக்கானவை. ஆனால், தேரை நிறுத்தும் பொறுப்போ சக்கரத்தின் அருகே கட்டைகளுடன் நடக்கும் சிலருடையது. உருளும் சக்கரத்தின் முன் அவர்கள் இடும் மரக்கட்டையே முட்டுக்கட்டை. இன்று ஒருவரின் முயற்சிக்குத் தடையாக இருப்பதைச் சுட்டும் அச்சொல், தேர்வீதியில் காவலைக் குறித்தது. முட்டுக்கட்டை இடுபவர் இல்லையென்றால் வடம் பிடிப்பவர் எவருக்கும் பாதுகாப்பு இல்லை.

வடம் பிடிப்பவருக்குச் சக்கரம் தெரியாது. கட்டை இடுபவருக்கு முன்னே செல்லும் கூட்டம் முழுவதும் தெரியாது. இவ்விருவரையும் இணைப்பவை குரலும் கையசைவும் ஆகும். காலப்போக்கில் தமிழகத்தின் பெரிய தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரங்களும் நீரியல் தடைகளும் வந்து சேர்ந்தன. திருவாரூர் ஆழித்தேருக்கு அவற்றைத் திருச்சிராப்பள்ளியின் பெல் நிறுவனம் அமைத்துத் தந்தது. மரக்கட்டை செய்துவந்த வேலையில் குழாய்க்குள் அடைபட்ட எண்ணெயும் பங்கேற்றது. வீட்டு வாசலில் நிற்கும் சிறிய மகிழுந்தை நிறுத்துவதும் அவ்வாறு அடைபட்ட எண்ணெய்தான்.

அடைபட்ட எண்ணெயின் ஆற்றல்

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட இவ்விதியே மகிழுந்தின் பிரேக்கிற்கு அடிப்படை. ஓட்டுநர் மிதிகட்டையை அழுத்துகிறார். மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தை மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. 1921இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டூசன்பர்க் மாடல் ஏ என்னும் மகிழுந்தில் இம்முறை நான்கு சக்கரங்களுக்கும் அமைந்திருந்தது. இன்றைய மகிழுந்துகள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: நீர்மம் அழுத்தத்திற்குச் சுருங்காது. காற்றோ சுருங்கும். குழாயில் ஒரு குமிழி புகுந்துவிட்டால், மிதிக்கும் காலின் விசை சக்கரத்தைச் சேருமுன் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மிதிகட்டை பஞ்சுப் பொதியைப் போல அமிழும். வண்டி நிற்கும், ஆனால், நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து நிற்கும்.

பிரேக் ஆயிலுக்கு மற்றொரு பகை ஈரம். பெரும்பாலான வண்டிகளில் பயன்படும் கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரமுள்ள புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கென வகுக்கப்பட்ட குறைந்த அளவு 155 பாகை மட்டுமே. அதனால்தான் வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், ஏறக்குறைய இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சமவெளியில் இக்குறை வெளியே தெரியாமலே போகலாம். மேற்கே மலை துணைக்கு வந்தாலும் சாலை மலையேறுவதில்லை. ஆனால், அதே 744ஆம் எண் நெடுஞ்சாலை தென்காசியையும் செங்கோட்டையையும் கடந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லத்தை நோக்கிச் செல்கிறது. அந்த மலைப்பாதையின் நெடிய இறக்கத்தில் ஓட்டுநரின் கால் மிதிகட்டையை விட்டு எடுபடாதபோது, உராய்வின் வெப்பம் ஆயிலைச் சேர்கிறது. ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். சமவெளியில் மறைந்திருந்த குறை வளைவில் வெளிப்படுகிறது. அப்போது வண்டியில் இருப்போர் குற்றாலச் சாரலில் நனைந்து திரும்பும் குழந்தைகளாகவும் இருக்கலாம்.

இருவர் செய்யும் வேலை

ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றுவதைப் பட்டறைகளில் ‘ஏர் எடுத்தல்’ என்பர். வழக்கமாக இது இருவர் வேலை. மூத்தவர் சக்கரத்தின் அருகே குனிந்து, நிப்பிள் என்னும் சிறு திருகின் மேல் ஸ்பேனரை வைத்திருப்பார். இளையவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பார்.

“தம்பி, மிதி… பிடிச்சுக்கோ.”

“பிடிச்சிருக்கேன் அண்ணே.”

திருகு கால் சுற்றுத் திறக்கும், குமிழியோடு ஆயில் பீறிட்டு வரும், திருகு மூடும்.

“இப்ப விடு.”

திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே புகும். ஆகவே, அந்த ‘விடு’ என்னும் சொல் வரும்வரை இளையவர் காத்திருக்க வேண்டும். தேர்வீதியில் கேட்கும் குரலின் சிறு வடிவம் இது. ஒருவர் காணாததை மற்றவர் கண்டு சொல்கிறார்.

அந்த இரண்டாமவர் இல்லாத வீடுகள் இப்போது பெருகிவிட்டன. மகன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பணியில் இருக்க, மகள் கோவையில் குடியிருக்க, வாசலில் வண்டியும் அதை வைத்திருக்கும் முதியவருமே மிஞ்சியிருக்கிறார்கள். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர் இராசபாளையம். அங்கே ஆலைகளில் இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற அத்தகைய ஒருவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மிதிக்கத்தான் ஆளில்லை. அவர் தனித்து அவ்வேலையைச் செய்ய முடியுமா? முடியும். ஆனால், இல்லாத இரண்டாமவரின் கண்ணுக்கும் குரலுக்கும் ஈடாக வேறு சிலவற்றை அவர் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

குரலுக்கு ஈடாக ஒரு குழாய்

முதலில், சமதளத்தில் வண்டியை நிறுத்தித் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தேர்வீதியின் முட்டுக்கட்டைக்கு இங்கும் முதல் மரியாதை. ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்கியின் மேல் அமர்த்த வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைத்தல் கூடாது. ஆயில் தொட்டியின் மூடியைத் திறக்குமுன் அதன்மேல் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். மூடியில் அச்சிட்டுள்ள தரமே ஊற்றவேண்டிய ஆயிலின் தரம். எஞ்சின் ஆயிலைத் தவறியும் ஊற்றக்கூடாது. அது ரப்பர் வளையங்களை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

அடுத்து, ஒளிபுகும் ரப்பர்க் குழாய் ஒன்றை நிப்பிளில் செருகி, சற்று மேலே வளைத்து, மறுமுனையைப் பாட்டிலில் உள்ள புதிய பிரேக் ஆயிலுக்குள் அமிழ்த்த வேண்டும். பட்டறையின் இளையவருக்கு ஈடு இந்தக் குழாய்தான். காலை எடுக்கும்போது குழாய் எதையேனும் உள்ளிழுத்தால் ஆயிலையே இழுக்கும், காற்றை இழுக்காது. ஒருவழி அடைப்பான் பொருத்திய குழாய் கிடைத்தால் பின்னோட்டமே பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு திருகைக் கால் சுற்றுத் திறந்து, இருக்கைக்குச் சென்று, மிதிகட்டையை மெதுவாக அழுத்தி மெதுவாக விட வேண்டும். விரைந்து மிதித்தால் பெரிய குமிழி பல சிறு குமிழிகளாக உடையும். பழைய வண்டியாயின் மிதிகட்டையின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்தல் நன்று. தரைவரை அழுத்தினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள் தாம் வழக்கமாகச் செல்லாத சொரசொரப்பான பகுதியில் உரசிக் கிழியக்கூடும்.

ஐந்தாறு முறை மிதித்ததும் எழுந்து சென்று தொட்டியின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு கீழ்க்கோட்டைத் தாண்டி வற்றிவிட்டால் மேலிருந்து காற்று புகும். அதுவரை செய்த உழைப்பு வீணாகும். தனியே செய்பவர் பெரிதும் இடறுவது இங்கேதான். ஒரு கண் தொட்டியையும் ஒரு கண் குழாயையும் பார்க்க முடியாது. எனவே, மிதித்த எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வதும், முடிந்த சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுவதும் நல்ல வழக்கங்கள். தன் குரலையே மற்றவரின் குரலாகக் கேட்பதற்கு இது வழி.

பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சக்கரத்திலிருந்து பணி தொடங்கும். சிலவற்றில் வரிசை வேறுபடும். அந்தந்த வண்டியின் கையேடே இதில் இறுதிச் சொல். குழாயில் குமிழியற்ற தெளிந்த ஆயில் வந்த பின்னரே திருகை மூடி, அதன் ரப்பர்த் தொப்பியைப் பொருத்த வேண்டும். வண்ணப்பூச்சின் மேல் சிந்திய ஆயிலை உடனே நீரால் கழுவ வேண்டும். கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டலாகாது.

நிறுத்தத் தெரிதல்

இதன் பிறகே உண்மையான தேர்வு வருகிறது. எஞ்சினை இயக்காமல் மிதிகட்டையை அழுத்தினால் அது உயரத்திலேயே கல்லைப் போல உறுதியாக நிற்க வேண்டும். அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் சற்றே இறங்கி மீண்டும் நிலைகொள்ள வேண்டும். நான்கு திருகுகளிலும் கசிவு இல்லையென்று கண்ட பின், ஆளில்லாத தெருவில், கைபிரேக் எட்டும் நிலையில், நடைவேகத்தில் வண்டியை நகர்த்திப் பார்க்கலாம்.

மிதிகட்டை இன்னும் அமிழ்கிறதா? வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. ஏபிஎஸ் அமைப்புள்ள வண்டியில் அதன் உள்ளறைக்குள் காற்று புகுந்திருந்தால், பட்டறையின் மின்னணுக் கருவியின்றி அதை வெளியேற்றுவது பெரும்பாலும் இயலாது. அங்கே விடாமுயற்சி பயன் தராது. பட்டறைக்குச் சொல்லி அனுப்புவதே முறை.

இவ்விடத்தில் மனம் பல சமாதானங்களைச் சொல்லும். முற்பகல் முழுதும் உழைத்தாயிற்று, உடல் களைத்துவிட்டது, பக்கத்து ஊருக்குத்தானே போகிறோம், இவ்வளவு பிடித்தால் போதாதா? இருவர் செய்யும் வேலையில் மூத்தவர் ஒருவர் தலையசைத்து மறுப்பார். தனியே செய்பவருக்கு அந்த மறுப்பைச் சொல்ல வேறெவரும் இல்லை. திருகைத் திருப்புவதைக் குழாயும் பாட்டிலும் எளிதாக்கலாம். ‘போதாது’ என்னும் சொல்லை அவை சொல்லா. அதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளத் தெரிந்தவரே துணையின்றி இவ்வேலையைச் செய்யத் தகுதியுடையவர்.

தேர் அசைந்துவரும் வீதியில் எல்லாரும் மேலே அலங்காரத்தைப் பார்க்கும்போது, முட்டுக்கட்டை இடுபவரின் கண் சக்கரத்தின் அடியிலேயே இருக்கும். நிலை சேரும்வரை அவர் அதை எடுப்பதில்லை. மகிழுந்தின் பின்னிருக்கையில் அமர்பவர்களும் குழாயில் இருந்த குமிழியைப் பற்றி என்றும் அறியப்போவதில்லை. வளைவில் மாடு ஒன்று குறுக்கே வரும், ஓட்டுநர் மிதிப்பார், வண்டி நிற்கும். அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.